பதினொரு வயதுக்குட்பட்டோர்

சனி காலை, பொரளையில் ஒரு மைதானம்.
கீர்த்திகன் அவுட்.
அம்பயர் விரலை இறக்குமுன்னே
கயிற்றைத் தாண்டிவிட்டேன், ஒஃபிஸ் சப்பாத்தோடு.

"கண் தெரியாதா? மட்டையில் படவேயில்லை!"
வீடியோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி
பந்து வெறும் புள்ளியாகும்வரை காட்டினேன்.
அம்பயருக்குப் பதினேழு வயதிருக்கும்.
தொப்பிக்குக் கீழே காது சிவந்தது.
எதிரணிக் கோச் கைதட்டிச் சிரித்தார்.
அவரிடம் நான் சொன்னதை
என் மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை.

மகனைத் தேடினால்
அவன் எப்போதோ நடந்துவிட்டான்.
படிக்கட்டில், கட்ச் பிடித்த பொடியனும் அவனும்,
இருவருக்கும் ஒரே நெக்டோ போத்தல்.

மருதானைச் சந்தியில் சிவப்பு.
"பட்டது, அப்பா" என்றான்,
கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி.
"சத்தம் உங்களுக்குக் கேட்கேல்லையா?"

பச்சை விழுந்தும்,
பின்னால் ஓட்டோக்காரன் ஹோர்ன் அடித்தும்,
கியர் கைக்கு வரவில்லை.