ஆள்காட்டி அல்ல

வேப்பனப்பள்ளிக்குக் கிழக்கே
என்று மட்டும் சொல்வேன்.
கிழக்கு என்பதும் பொய்யாக இருக்கலாம்.

எனக்கு ஆறு மாத ஒப்பந்தம்.
வேலை, மண் சலிப்பது.
காரைப் புதருக்கும் கள்ளிக்கும் நடுவே
ஐந்தடி நீளத்துக்குக் கல்லும் முள்ளும் பொறுக்கி
மாவு மண்ணைப் பட்டையாகப் பரப்பிவிட்டு
வீட்டுக்குப் போய்த் தூங்குவது.
ராத்திரி எது கடந்தாலும்
விடிந்தால் எழுதியிருக்கும்.
கீரி, முயல், பெயர் தெரியாத வண்டு,
ஒருமுறை பாம்பு, நீளமாக ஒரே எழுத்து.
நான் காத்திருப்பது மூன்று விரலுக்கு.
பின்விரல் கிடையாது.

நூறு வருஷமாக யாரும் பார்க்கவில்லை என்கிறார்கள்.
கடைசிப் பறவை ஏதோ ஊர் இழுப்பறையில்
கண்ணுக்குப் பஞ்சு வைத்து
காலில் சீட்டோடு மல்லாந்து கிடக்கிறதாம்.
அதன் படம் என் செல்போனில் இருக்கிறது.
டீக்கடையில் நீட்டினால்
'குஞ்சு என்ன விலை சார்?' என்கிறார்கள்.

ஆனாலும் பார்த்தவர்கள் உண்டு.
குவாரிக் காவல்காரர் மாதப்பன்
டார்ச் அடித்தபோது ஓடாமல் நின்றதாம்.
'நெஞ்சுல ரெண்டு பட்டை.
இல்ல சார், ஒண்ணோ என்னமோ.'
ராயக்கோட்டைக்குத் தக்காளி ஏற்றிக்கொண்டு
குட்டியானையை விரட்டும் சையத் பாஷா
ஹெட்லைட்டில் பார்த்தது மூன்று நொடி.
மூன்று நொடியில் என்ன தெரியும் என்றேன்.
'என் சம்சாரத்தையும் மூணு நொடிதான் பார்த்தேன்,
கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுல.
அப்புறம் கூட்டத்துல தேடிக் கண்டுபிடிக்கலையா?'

படிவத்தில் ஒரு கேள்வி வரும்.
வேறு பறவையாக இருக்க வாய்ப்புண்டா?
ஆள்காட்டி அல்ல என்று எழுதுவேன்.
ஆள்காட்டிக்கு வாயில் ஒன்றும் தங்காது,
காட்டையே எழுப்பி நம்மைக் காட்டிக்கொடுக்கும்.
இது தன்னையே காட்டாத ஜாதி.
கண்கிலேடியா என்றால்
அங்கேதான் பேனா நிற்கும்.
அதற்கும் மூன்று விரல்தான்.

முனிலட்சுமிக்கு ஐம்பத்திரண்டு ஆடு.
ஒரு காதில் இயர்போன்,
குப்பம் பக்கத்துத் தெலுங்குப் பாட்டு.
படத்தைக் காட்டினேன்.
'இதுவா? தெரியும்.'
எங்கே?
'சொல்ல மாட்டேன்.
நீ எழுதுவே. ஜீப் வரும். அப்புறம் கம்பி வரும்.
இதே படத்தைப் போட்டுப் பலகை வரும்.
என் ஆடு எங்க மேயும், உன் பேப்பர்லயா?'

ஆடு மேயாவிட்டால் புதர் மூடிவிடும்,
புதர் மூடினால் அது ஓட வெட்டவெளி இருக்காது.
இதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.
எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று
ஒரு கிடா அதை மென்றுகொண்டிருந்தது.

மாசிக் கடைசியில் ஒரு செவ்வாய்.
ஏழாவது பட்டையில்
ஒன்பது தடம்.
கண்கிலேடியுடையதைவிடச் சின்னது,
இல்லையென்றால் என் ஆசை
ஸ்கேலை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தியிருக்கும்.
படமெடுக்கக் குனிந்தேன்.
சார்ஜ் நான்கு சதவீதம்.
பின்னால் மணிச்சத்தம்.

நான் கேட்கவில்லை, அவளே ஆடுகளை நிறுத்தினாள்.
நாலைந்து மட்டும் நிற்காமல்
எட்டாவது பட்டையை மிதித்துத் தீர்த்தன.
வந்து குந்தினாள். இயர்போனைக் கழற்றினாள்.
ஆள்காட்டி விரலை ஒரு தடத்துக்குள் வைத்தாள்,
சூடு ஆறிவிட்டதா என்று பார்ப்பதுபோல.
வெகுநேரம் எடுக்கவில்லை.

'வடக்க போயிருக்கு' என்றாள்.
பிறகு நாக்கைச் சொடுக்கி
அத்தனை ஆட்டையும் தெற்கே திருப்பினாள்.
தெற்கே அன்று மேய ஒன்றுமில்லை,
எனக்கே தெரியும்.

படிவம் இன்னும் பையில் கிடக்கிறது.
படம் இருக்கிறது, கொஞ்சம் அசங்கிய படம்.
ஒப்பந்தம் முடியப் பதினோரு நாள்.
ஏழாவது பட்டையை இன்று சாயங்காலம்
இரண்டு தடவை சலித்தேன்.

இந்தப் பக்கம் ராத்திரியில் வருகிறவர்கள்
வெளிச்சத்தைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ளுங்கள்.
எதற்கு என்று கேட்டால்
பாம்பு நடமாட்டம் என்பேன்.