மாதம் பதினெட்டு

என் ஊரின் பெயருக்குப் படகு என்று பொருள்.
ஆறுதான் இல்லை.
அந்தக் காலத்து ஆலைக்காரர்கள்
அதைக் குழாய்க்குள் இட்டு
மேலே தெரு போட்டுவிட்டார்கள்.
மழை வலுக்கும் இரவுகளில்
வீதி நடுவே இரும்பு மூடிக்கு அடியில் கேட்கும்,
ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

சம்பளமும் அப்படி.
பத்தாம் தேதி வரும்.
இருபத்திரண்டாம் தேதி மூடியைத் தூக்கிப் பார்த்தால்
வெறும் ஈரம்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டுமாம்.
ஆறு எந்தப் பக்கம் போகிறது என்று
முதலில் தெரிய வேண்டாமா?

பகலெல்லாம் நான் பொய்ப்பற்களுக்கு மெருகேற்றுகிறேன்.
முகம் தெரியாத யாரோ கடிக்கப்போகும் ஆப்பிளுக்காக
கால் மில்லிமீட்டர் உறுத்தலையும் விடாத விரல்கள்,
வங்கிக் கடிதங்களைப் பிரிக்காமலே
ரொட்டிப் பெட்டிக்குப் பின்னால் செருகிவந்தன
நாற்பத்தோரு வயது வரைக்கும்.

நவம்பர் நான்காம் தேதி, மருந்துக்கடை.
இருமல் மருந்து, பத்தொன்பது ஸ்வோட்டி.
அட்டை மறுக்கப்பட்டது என்றது கருவி.
பின்னால் நின்றவர் பார்வையைக் கூரைக்குத் திருப்பிக்கொண்டார்.
அந்த நாகரிகம்தான் தாங்கவில்லை.

அன்றிரவு செயலியை இறக்கினேன்.
அக்டோபர் முழுவதையும் அதன் முன் கொட்டினேன்.
வரிக்கு வரி ஒரே கேள்வி:
இது எதற்கு?
மற்றவை என்றேன்.
இது?
மற்றவை.
இது?
கூட்டிக் காட்டியது.
எழுநூற்று நாற்பது ஸ்வோட்டிக்கு
மற்றவை வாங்கியிருக்கிறேன் ஒரே மாதத்தில்.
வீடு முழுக்கத் தேடியும்
ஒரு மற்றவைகூட அகப்படவில்லை.

திரும்ப உட்கார்ந்து பெயர் வைத்தேன்.
கடைசி டிராமைத் தவறவிட்ட டாக்ஸிகள்.
சாப்பிடாமல் தூக்கியெறிந்த கீரைகள்.
தம்பி மரேக்குக்குக் கொடுத்த கடன்:
அதைப் பரிசு என்று மாற்றினேன்,
மாற்றியதும் அவன்மேல் இருந்த கோபம்
கொஞ்சம் இறங்கிற்று.
அப்புறம் ஒன்று.
இரண்டு வருடம் முன் வீட்டைவிட்டுப் போன வித்தோல்டின்
சதுரங்கச் செயலிக்கு
இன்றுவரை சந்தா கட்டுவது நான்.
நிறுத்தினேன்.
எங்கோ ஒரு குதிரை
பாதித் தாவலில் நின்றிருக்கும்.

ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவுகள்? என்றது.
மூக்குக்கண்ணாடி. கொதிகலன் சோதனை.
இன்னும்?
கொஞ்ச நேரம் கழித்து எழுதினேன்:
கல்லறை.

நவம்பர் ஒன்று.
அம்மாவுக்கு, அப்பாவுக்கு,
பெயர் வைக்கும் முன்பே போன சின்னவளுக்கு
கண்ணாடிக் கூட்டில் மெழுகுவர்த்திகள்,
இரண்டு தொட்டி சாமந்தி, ஸ்கியெஷ் வரை பேருந்து.
இறந்தவர்கள் ஒருபோதும் தேதி மாற்றியதில்லை.
நான்தான் வருடாவருடம்
அவர்கள் நேற்று இறந்ததுபோல் பதறி
கிராஜினாவிடம் கடன் கேட்டேன்.

இருநூற்றுப் பதினாறு. பன்னிரண்டால் வகுத்தால்
மாதம் பதினெட்டு.
இவ்வளவுதானா என்று இருந்தது.
இவ்வளவுதான்.

எல்லாம் சீராகிவிட்டது என்று சொல்ல வரவில்லை.
ஜூலையில் குளிர்பெட்டி செத்தது.
மெழுகுவர்த்திப் பணத்திலிருந்து தொண்ணூறு எடுத்தேன்.
திரையில் ஒரு வரி சிவந்தது.
மன்னிச்சுக்கோம்மா என்றேன், சத்தமாக,
கைபேசியைப் பார்த்து.
மூன்று மாதம் முப்பது முப்பதாகத் திருப்பி வைத்தேன்.
அந்த மூன்று மாதமும்
காப்பியை வீட்டிலிருந்தே எடுத்துப் போனேன்,
ஆறிப்போய்த்தான் குடித்தேன்.

இந்த வருடம் யாரிடமும் கேட்கவில்லை.
சின்னவளுக்கு மட்டும் சிவப்புக் கூடு,
மூன்று நாள் எரியும் வகை.
திரும்பி வந்து டிராமுக்கு நிற்கையில்
மீதம் பதினொரு ஸ்வோட்டி என்றது செயலி.
இது எதற்கு?

மழை பிடித்துக்கொண்டது.
காலடியில், இரும்பு மூடிக்குக் கீழே
தண்ணீர் போகும் சத்தம்.
வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம்
என்று கைபேசியைப் பைக்குள் போட்டேன்.