பதினேழு சென்ட்

மாதக் கடைசியில் கணக்கு உதைக்கும்.

வங்கி அனுப்பியதாகச் சொல்வதையும்
வெளியே வந்துசேர்ந்ததாகச் சொல்வதையும்
அருகருகே வைத்துப் பார்ப்பது எங்கள் மேஜையின் வேலை.
திமோன், நான், எங்களுக்கு மேலே ஹல்ஷ்கா.
நேற்று மட்டும் முந்நூற்று நாற்பது கோடி யூரோ
என் திரையைக் கடந்து போனது, ஒரு இருமல்கூட இல்லாமல்.
நேராகிவிட்ட கோடிகளைப் பற்றி
இங்கே எவரும் பேசுவதில்லை.
பேச்செல்லாம் பதினேழு சென்ட் பற்றி.

பதினொரு மாதமாக அதே பதினேழு.
பதினாறாக இளைத்ததுகூட இல்லை.
அதற்கொரு வழக்கு எண் உண்டு, சிவப்புப் புள்ளி உண்டு.
வியாழன்தோறும் நான்கு நாட்டு முகங்கள் திரையில் கூடி
அதன் உடல்நலம் விசாரிக்கும்.
ஐந்து யூரோவுக்குக் கீழே என்றால் தள்ளுபடி செய்யலாம்,
காரணம் தெரிந்திருந்தால்.
காரணம் தெரியாத சென்ட்டுக்கு மன்னிப்பில்லை.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்;
அந்தச் சுமைகூலிக்கென்றே இங்கே ஒரு துறை.
என் சம்பளம் அதில்தான்.

வூச் நகரம். பழைய பஞ்சாலையின் நான்காம் மாடி.
செங்கல்லை வெளியே அப்படியே விட்டுவிட்டு
உள்ளே முழுக்கக் கண்ணாடி.
ஒன்பது வருடத்தில் இந்த வங்கியின்
ஒரு நோட்டையும் நான் தொட்டதில்லை.
பல் மருத்துவர் கேட்டார்:
வங்கியிலா? எந்தக் கிளை?
வாய் நிறையப் பஞ்சு இருந்தது.
நல்லவேளை.

செப்டம்பர், செவ்வாய், மழை.
ஏழே முக்கால் டிராமை விட்டுவிட்டேன்.
அடுத்ததற்கு இருபது நிமிடம் இருந்ததால்
சும்மா ஒரு பழைய பட்டியலைத் திறந்தேன்.
அங்கே இருந்தது.

போன அக்டோபரின் கடைசி ஞாயிறு,
கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு இழுக்கும் இரவு.
பழைய கணினியை அணைத்துப் புதியதை எழுப்பியதும்
அதே இரவில்தான்.
இரண்டுமுறை வந்த அந்த ஒரே மணி நேரத்துக்குள்
ஊலுவில் ஆர்னே ஹைவரினென் என்பவர்
தூக்கம் வராமலோ என்னவோ
தன் சேமிப்புக் கணக்கை முடித்திருக்கிறார்.
பழையது அவருக்கு ஒரு நாள் வட்டி கொடுத்துவிட்டுக் கண்மூடியது.
புதியது கண்விழித்தபோது அப்படியொரு மனிதரே இல்லை.
பதினேழு சென்ட்.
எழுந்து நின்றேன். சொல்ல ஆளில்லை.
துப்புரவு இயந்திரம் மட்டும் தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்தது.

காரணம் என்ற கட்டத்தில் நாலு வரி அடித்தேன்.
'முடி' என்ற பொத்தானின் மேல் விரல்.
ஹல்ஷ்கா மார்ச்சில் சொன்னது ஞாபகம் வந்தது, காபி எந்திரத்தருகே,
கப்பைப் பார்த்துக்கொண்டே:
எளிமைப்படுத்தப் போகிறார்கள்.
வழக்கு திறந்திருக்கும் மேஜைகளில்
இப்போதைக்குக் கை வைக்க மாட்டார்கள்.
திமோனுக்கு இருபத்தாறு வருட வீட்டுக்கடன்,
இதே வங்கியில்.

நாலு வரியையும் அழித்தேன்.
அழித்தது பதிவாகியிருக்குமா என்று
வருகைப் பதிவேட்டைத் திறந்தேன்;
இந்த வங்கியில் எதைப் பார்த்தாலும் பார்த்ததும் பதிவாகும்.

ஆர்னேயின் பக்கத்தை எனக்குமுன் திறந்தவர்கள் இருவர்.
ஜூன் பதினொன்று, இரவு எட்டு பத்து: திமோன்.
திறந்திருந்த நேரம், நாற்பது நிமிடம்.
ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, வீட்டிலிருந்து: ஹல்ஷ்கா.
இரண்டே நிமிடம்.
அவளுக்கு அவ்வளவு போதும்.

வியாழன் கூட்டம்.
டப்ளினிலிருந்து யாரோ கேட்டார், முன்னேற்றம் உண்டா?
மூவரும் ஒரே நேரத்தில் ஒலியைத் திறந்தோம்,
மூவரும் ஒரே நேரத்தில் நிறுத்தினோம்.
பிறகு ஹல்ஷ்கா சொன்னாள், விசாரணையில் உள்ளது.

திமோன் தன் கசகசா ரொட்டியைப் பிட்டு
காகிதத்தோடு என் பக்கம் தள்ளினான்.
பெரிய பாதி எனக்கு வந்திருந்தது.
எடுத்துக்கொண்டேன்.