மிச்சத் தாள்

ஊபியில் ஐந்தாம் மாடி,
சரக்கு லிஃப்டுக்கு நேர் எதிரே எங்கள் கடை.
பகலில் பேனர், பெயர்ப்பலகை, கல்யாண வரவேற்புத் தட்டி.
இரவில் அச்சு இயந்திரத்துக்குத் துணை
நானும் ஆறிப்போன கோப்பி ஓவும்.

இன்றைக்கு வந்தவை பூனைகள்.
மடியில் ஏறும் சாதி இல்லை.
லிம் சூ காங் புதருக்குள்
மரத்தில் கட்டிவைத்த கேமரா
கால் அரவம் கேட்டுத் தானே எடுத்தவை.
மாதம் ஒருமுறை இர்ஃபான்
கேமராவின் அட்டையைக் கழற்றப் போவான்,
கெண்டைக்காலில்
வேறு அட்டைகளோடு திரும்புவான்.

வாங்குகிறவர் தெம்பனிஸில் பல் மருத்துவர்,
டாக்டர் ஃபூ. காத்திருப்போர் அறைக்கு எட்டுச் சட்டகம்.
கொட்டாவி விடும் சிறுத்தைப்பூனைக்கு
உடனே தலையசைத்தாராம்:
கோரைப்பல் நான்கும் தெளிவு.
மீனைக் கடிக்கும் நீர்நாய், சரி.
புனுகுப்பூனை, சரி.
சருகுமானின் உதட்டோரம் நீண்டிருந்ததைக் கண்டு
இதற்குமா என்று சிரித்தாராம்.
எறும்புதின்னியைத்தான் தள்ளிவைத்தார்.
பல்லே இல்லாத பிராணி,
என் பிழைப்புக்கு ஆகாது.

மஞ்சளை எவரும் அடித்துவிடலாம்.
கறுப்புதான் பாடு.
மை கூடினால் புள்ளிகள் ஒன்றாகிக் கரிக்கட்டை,
குறைந்தால் காடே சாம்பல் பூக்கும்.
இருட்டு வேறு பூனை வேறு என்று
கண் பிரித்துக்கொள்ளும் ஓர் இடம் இருக்கிறது,
அதைத் தேடி மூன்று துண்டு வீணானது.
நான்காவதில் வந்தது:
முதலில் மீசை.
கொஞ்ச நேரம் கழித்து
மீசைக்குப் பின்னால் ஒரு பூனை.

கீழே பெயர் ஆங்கிலத்தில், லத்தீனில், சீனத்தில்.
தமிழை யாரும் கேட்கவில்லை.
முதுகுப்பக்கம், ஆர்டர் எண்ணுக்கு அடியில்
பென்சிலால் வெருகு என்று எழுதினேன்.
சுவரைப் பார்த்தபடி கிடக்கும்.
கிடக்கட்டும்.

கோப்புறையில் ஒன்று கூடுதலாக இருந்தது.
0417. இர்ஃபான் அழிக்க மறந்தது.
அதே மரம், அதே வேர், அதே ஈரச் சருகு,
நடுவில் குந்தியிருக்கிறான் ஒருவன்.
தெங்காவில் குழாய் பதிக்கிறவனா,
தங்குவிடுதியில் தூக்கம் வராதவனா,
யார் கண்டது.
முழங்காலுக்கு மேல் பிரித்த சோற்றுப் பொட்டலம்.
மணி இரண்டு பதின்மூன்று.

ஃபிளாஷ் பட்டால் வெருகுக்குக் கண் எரியும்.
இவனுக்கு எரிவது
மார்பின் மேல் இரண்டு பட்டை.
அதன் வெளிச்சத்தில் முகம் பாதி தொலைந்துவிட்டது.
நிழலைத் திறந்து திறந்து பார்த்தேன்.
மெல்லுகிறானா சிரிக்கிறானா,
அது மட்டும் பிடிபடவில்லை.
திடுக்கிடவில்லை என்பது நிச்சயம்;
திடுக்கிடுமுன் எடுப்பதுதானே கேமரா.
பூனைக்கும் அப்படித்தான்.

அடுத்தது 0418. இரண்டு பத்தொன்பது.
டாக்டர் ஃபூ வரவேற்பு மேசைக்கு மேலே
மாட்டக் கேட்டிருக்கும் பெரிய படம் இது:
மூக்கை மண்ணில் வைத்து
எதையோ முகர்கிறது வெருகு.
எதை என்று கேட்டாராம்.
எலி என்றானாம் இர்ஃபான்.

ஆறு நிமிடம்.
நானும் எலி என்றுதான் நினைத்து
மூன்று நாளாகச் செம்மண்ணுக்கு நிறம் சேர்த்தேன்.
இப்போது பெரிதாக்கிப் பார்த்தால்
மூக்கின் அருகே வெள்ளையாய் நாலைந்து.
தூசி என்று துடைக்கப் போனேன்,
நல்லவேளை,
சோறு.

எட்டும் அச்சாகி முடிந்தபோது
சுருளில் ஒன்றரை அடித் தாள் மிச்சம்.
எறும்புதின்னியையும் அவனையும்
பக்கத்தில் பக்கத்தில் போட்டேன்.
நடுவே வெட்டுக்கோடு வந்திருக்கிறது.
வெட்டவில்லை.

திருப்பி, ஒரு பாதியில் அழுங்கு என்று எழுதினேன்.
மறு பாதியில் 0417.
அதற்குக் கீழே வைத்த பென்சில்
புள்ளியோடு நின்றுவிட்டது.

மை காயும்வரை தொடக்கூடாது.
எதிரே சரக்கு லிஃப்ட்
ஆளில்லாமல் திறக்கிறது,
கொஞ்சம் பொறுத்து மூடுகிறது.