யார் முறை

மண்டபம் வடக்குத் துறை. சனிக்கிழமை, விடியாத நாலரை.
டோக்கன் அறையில் இருப்பது ஒரே கணினி.
கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடு
இமைக்கிறது, இமைக்கிறது, அவ்வளவுதான்.
கம்பிச் சன்னலுக்கு வெளியே
நூற்றுப் பதினேழு விசைப்படகின் ஆட்கள்.
"செத்துப்போச்சா, ஜெசிந்தா?" என்றார் எழுத்தர் காசிலிங்கம்.
இல்லை. இன்னும் விழிக்கவில்லை.
பாம்பன் பாலம் தாண்டி பைக்கில் வந்த என் காதிலும்
காற்று இன்னும் அடங்கவில்லை.

மின்சாரம் வந்ததும் முதலில் கண் திறப்பது
ஒரு துண்டு நிரல். அதற்கு ஒன்றே ஒன்று தெரியும்:
பெரியவன் எங்கே படுத்திருக்கிறான் என்பது.
தட்டி எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.
அப்புறம்தான் இயங்குதளம்.

"அது என்னதான் வேல பாக்குது, இம்புட்டு நேரமா?"
சன்னலில் முகம் பதித்து ரெமிஜியுஸ்.
டோக்கன் போடுமா? போடாது.
கணக்கு எழுதுமா? எழுதாது.
எழுதுகிற, போடுகிற நிரல்களுக்கு
நினைவகத்தில் இடம் அளந்து கொடுக்கும்.
அச்சுப்பொறியை ஒரு நேரத்தில் ஒருவனுக்கே விடும்.
யார் எந்தக் கோப்பைத் திறக்கலாம், யார் தொடக்கூடாது என்று
வாசலில் நிற்கும்.
"அப்ப நம்ம மீன்துறை ஆபீஸ் மாதிரி."
காசிலிங்கம் சிரிக்கவில்லை.

ஆனால் சரிதான்.
கடல் ஒன்று. திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு;
மற்ற நாள் நாட்டுப்படகுக்கு.
இது ஒரு நொடியையே ஆயிரம் கூறு போடும்.
ஒவ்வொரு நிரலும் கடல் முழுக்கத் தனக்கென்று நம்பி
வலை வீசும்.
இடையிடையே கரையில் நிறுத்தப்பட்டது
அதற்குத் தெரியாது.
நமக்குத் தெரிகிறது. அதனால்தான் சண்டை.

எல்லா இயங்குதளமும் இப்படி இல்லை.
பழைய ரகம் ஒன்று,
தூக்குப்பாலத்துக்குக் காத்துக்கிடக்கும் படகுகள்போல
வேலைகளைச் சேர்த்துவைத்து
திறக்கும் நாளில் வரிசையாய் அனுப்பும்.
நடுவில் ஒரு கேள்வி கேட்க முடியாது.
ரெமிஜியுஸ் படகின் கூரையில் பொருத்திய கருவிக்குள் இருப்பது வேறு.
அபாயப் பொத்தானை அழுத்தினால்
'கொஞ்சம் பொறு' என்று சொல்ல அதற்கு உரிமை இல்லை.
பிந்தி வந்த சரியான விடை
அங்கே தவறான விடை.
கரைவலை இழுக்கும் முப்பது பேர் ஒரே கையாவதுபோல்
ஊர் ஊராய்க் கிடக்கும் கணினிகளை ஒன்றாக்குவதும் உண்டாம்,
நான் தொட்டதில்லை.
என் போனில் இருப்பது சார்ஜுக்குப் பயந்தது;
மற்றதையெல்லாம் உறங்கவைத்துவிட்டு
காசிலிங்கத்தின் அழைப்பை மட்டும் உள்ளே விட்டது.

திரை வந்தது. வெளியே கைதட்டினார்கள்.
முதல் படகின் எண்ணைத் தட்டினேன்.
இன்று வியாழன். விசைப்படகுக்கு அனுமதி இல்லை.

வியாழனா?
மூலையில் தேதி: ஒன்று, ஜனவரி, இரண்டாயிரத்து ஒன்பது.
"அந்த வருசம் எங்கிட்ட படகே இல்லயே" என்றான் ஒருவன்.
விதியில் பிழை இல்லை. முறை தவறாமல்தான் மறுத்தது.
திருத்தினேன். மின்சாரம் ஒருமுறை போய் வந்தது.
திரும்பவும் வியாழன்.

பொத்தான் அளவு பேட்டரி ஒன்று உள்ளே.
எல்லாம் அணைந்த பின்னும்
நாளை எண்ணிக்கொண்டிருப்பது அதுதான்.
இந்த நேரத்தில் எந்தக் கடை?

நண்டு எடுக்க வந்த பிலோமினாள்
தன் கைத்தராசைக் கவிழ்த்து
நகத்தால் மூடியைக் கழற்றினாள்.
"இது சேருமா பாரு."
சேர்ந்தது.
"நீங்க எப்படி நிறுப்பீங்க?"
"கையில தூக்கிப் பாத்துக்கிர்றேன்.
திங்கக்கிழம எனக்குப் புதுசு வந்துரணும், ஆமா."

ஐந்தே முக்காலுக்கு முதல் டோக்கன்.
நாள்: சனி.
மடித்துப் பையில் வைத்தபடி ரெமிஜியுஸ் சொன்னார்:
"வியாழன்னு அது சொன்னத
நாட்டுப்படகுக்காரன் கேட்டிருந்தான்னு வையி,
உன்னச் சரிபண்ண விட்டிருக்க மாட்டான்."