பதினோராவது நிமிடத்தில் ஒரு கிளாஸ்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
ஹோட்டல் வரவேற்பறையில் வாசிப்பதை
ஜாஸ் கணக்கில் நான் சேர்ப்பதில்லை.
அங்கே சாக்ஸபோன் ஓர் ஏர்கான்.
நின்றுபோனால்தான்
ஓடிக்கொண்டிருந்ததே தெரியும்.

"நம்ம ராகம் மாதிரியே இருக்குல்ல?" என்பான் கண்டீபன்,
ஒவ்வொரு முறையும், இரண்டாவது பியரில்.
இல்லை கண்டீபா.
அது அது மாதிரி இருக்கிறது.
அதற்குத்தானே ஆளுக்குப் பதினைந்து வெள்ளி கொடுத்து வந்தோம்?

பகலில் நான் மின்தூக்கி பழுதுபார்ப்பவன்.
தோ பாயோ, பொத்தோங் பாசிர், புளோக் புளோக்காக.
கதவுக்கு வெளியே நின்றே சொல்லிவிடுவேன்
எந்த உருளை தேய்கிறது,
எந்தக் கம்பி முனகுகிறது என்று.
ஆகவே சத்தம் பற்றி எனக்கு அபிப்பிராயங்கள் உண்டு.
கேட்காவிட்டாலும் சொல்வேன்.

முதல் சுரத்துக்கு முன்பே கண்ணை மூடிக்கொள்பவரின் வாசிப்பை
நம்பாதீர்கள்.
பாஸ் தனியாகப் பேசும்போது கூடப் பேசுகிறவர்களை
ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவே
ஒரு மணி நேரம் நிறுத்திவைக்க
என்னால் முடியும்.
இதுவரை செய்ததில்லை.

பூமலைப் புல்வெளியில் ஒரு தடவை.
பாய்கள், திராட்சைக் குலைகள், குழந்தை வண்டிகள்.
மேடைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள்.
பிறகு மழை. மின்சாரத்தை நிறுத்தினார்கள்.
எல்லோரும் கூடாரத்துக்கு ஓட,
டிரம்பெட்டுக்கு பிளக் கிடையாது என்பது
அதை வைத்திருந்த பெண்ணுக்கு மட்டும் நினைவிருந்தது.
நான்கு நிமிடம்.
என் காலணி காய மூன்று நாள் ஆயிற்று.
அது கணக்கில் உண்டு.

ஆனால் இடம் என்றால் ஜாலான் புசார்தான்.
குளியலறை ஓடு விற்கும் கடைக்கு மேலே
இரண்டாம் மாடியில் ஒரு கிளப்,
பெயர் 'பேஸ்மென்ட்'.
மின்தூக்கி இல்லை, எனக்கு அதுவே விடுமுறை.
பியானோவில் ஒரு கட்டை அழுத்தினால் எழும்பாது.
செபுவிலிருந்து வந்த நெஸ்டர்
அதை விலகி விலகியே ஒரு பாணி கண்டுபிடித்துவிட்டார்.
பாஸ் ஹம்சா; காலையில் சாங்கியில் பெட்டி ஏற்றும் கைகள்.
டிரம்ஸ் மின்ஜூட்.
அவர் பிரஷ்ஷை எடுத்தால்
மூடிய உணவங்காடியில் யாரோ
ஈரத் தரையைக் கூட்டுவது போலிருக்கும்,
அவசரமில்லாமல்.
பத்தரைக்கு ஜன்னலைச் சாத்த வேண்டும்.
எதிர் வீட்டுக்காரருக்கு ஜாஸ் ஆகாது.

என்னிடம் இருப்பதிலேயே சிறந்த பதிவு
அங்கே, ஒரு வியாழன் இரவு,
கொக் வா மேசைக்கடியில் வைத்த கருவி பிடித்தது.
பதினோராவது நிமிடம்.
பியானோ தயங்கும் இடம்.
யாரோ ஒரு கிளாஸைக் கீழே போடுகிறார்கள்.
சில்லுகள் உருண்டு அடங்குமுன்
மின்ஜூட் சிம்பலின் விளிம்பில்
அதே உடைதலை, பொறுக்கி எடுத்ததுபோல்,
மெதுவாகத் திருப்பித் தருகிறார்.
யாரோ சிரிக்கிறார்கள்.
நெஸ்டர் அந்தச் சிரிப்பிலிருந்து கிளம்புகிறார்,
பிறகு அவரைப் பிடிக்க முடிவதில்லை.

போன மாதம் கொக் வா
கணினியில் அதைச் சுத்தம் செய்து அனுப்பினான்.
அவனுடைய ஸ்பீக்கர் விலைக்கு
நான் ஒரு வேன் வாங்கலாம்.
இருமல் இல்லை. நாற்காலி இழுபடவில்லை.
கல்லாப்பெட்டி திறக்கவில்லை.
கிளாஸ் உடையவே இல்லை.
"எப்படி?" என்று கேட்டான்.

சுத்தமாகத்தான் இருந்தது.
மின்ஜூட் மட்டும்
யாரும் கேட்காத கேள்விக்கு
அவ்வளவு பொறுமையாகப்
பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவனிடம் இன்னும் சொல்லவில்லை,
போட்டது நான்தான் என்று.
ரசீதில் தனி வரியாக ஆறு வெள்ளி வாங்கினார்கள்.
அந்தக் குழுவோடு நான் வாசித்தது
அந்த ஒரு சுரம்.
அதையும் துடைத்துவிட்டான், பாவி.