கைமாற்று

பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்த்துத்தான்
திரும்ப வாங்க வேண்டும் என்பது விதி.
ஒரு கைக்கு எலும்பு இருபத்தேழு.
இருந்தது இருபத்தாறு.

மேசைவிளக்கின் கீழே
விரல்களை வரிசையாகப் படுக்கவைத்து
இன்னொரு முறை எண்ணினேன்.
மணிக்கட்டில்தான் குறை.
பட்டாணி அளவு.
பெயரும் பட்டாணி எலும்புதான்.

பிளாஸ்டிக்தானே, என்றாள் சிக்னே.
பதினெட்டு டாலர், ஹோடான் கணக்கில் ஏற்று.
சரி என்றேன்.
ஏற்றவில்லை.

ஹோடானுக்குப் பகலில் முதியோர் இல்லத்தில் வேலை.
இரவில் எங்கள் இரண்டாம் மாடி.
பெட்டியிலிருந்து அந்தக் கையை எடுத்துத்
தன் கைக்குள் வைத்துக்கொண்டு
ஒவ்வொரு எலும்பாகப் பெயர் சொல்வாள்.
தூரத்திலிருந்து பார்த்தால்
யாருக்கோ ஆறுதல் சொல்வது போல இருக்கும்.

புத்தகம் கேட்டு வருகிறவர்களும் உண்டு,
இல்லையென்று சொல்லவில்லை.
ஆனால் நவம்பர் தாண்டி
சுப்பீரியர் ஏரிக் காற்று
டுலூத்தின் மேட்டுத் தெருக்களில் ஏறத் தொடங்கினால்
வாசலில் பனியை உதறிக்கொண்டே கேட்கிறார்கள்:
எத்தனை மணி வரை திறந்திருக்கும்?

இரண்டு மணி வரை.
பரீட்சை வாரத்தில் விடிய விடிய.

இரவல் என்ற சொல்லுக்குள்
இரவு முக்கால்வாசி கிடக்கிறது.
எங்களிடம் அதிகம் பேர் வாங்கிப்போவது
அதைத்தான்.

பிறகு குடை. கணக்குப்பொறி.
வீட்டுக்கு ஃபோன் பேசி அழுதால்
சத்தம் வெளியே வராத ஓர் அறை,
நாற்பது நிமிடம், அடையாள அட்டை வேண்டும்.
சூரியன் மாதிரி ஒரு விளக்கு:
அதன் முன்னால் அரைமணி நேரம்
சும்மா முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார வேண்டும்.
ஜனவரியில் அதற்கு வரிசை நிற்கும்.

டை ஏழு வைத்திருக்கிறோம்.

டெர்ரில் மாக்கிக்கு ஐம்பத்துமூன்று வயது.
வடக்கே சுரங்கத்தை மூடிய பிறகு
மறுபயிற்சி வகுப்பில் சேர்ந்தவர்.
முதல் நாள் தொப்பியைக் கையில் பிடித்தபடி
வாசலிலேயே நின்றார்.
"படிக்க வரலை. உள்ளே வரலாமா?"

ஒற்றை விரலால் தட்டித் தட்டி
மூன்று நாளில் ஒரு விண்ணப்பம் முடித்தார்.
நேர்காணலுக்கு நீல டையை எடுத்தார்,
வாத்து போட்டது.
மற்ற ஆறும் சாவுக்குப் போகிற மாதிரி இருக்காம்.

முடிச்சுப் போட அவருக்குத் தெரியவில்லை.
எனக்கும் தெரியவில்லை. சிக்னே சிரித்தாள்,
அவளுக்கும் தெரியாது.
வீடியோவை நாலு தரம் ஓடவிட்டோம்.
ஐந்தாம் தரம் ஹோடான் எழுந்து வந்தாள்.
முக்காட்டின் மேலேயே டையைச் சுற்றி
இழுத்து, சரிபார்த்து,
வளையம் குலையாமல் கழற்றி
அவர் மேல் கை படாமல்
தலைவழியே இறக்கினாள்.
காயத்துக்குக் கட்டுப் போடுவதைவிட
இது சுலபம் என்றாள்.

செவ்வாய்க்கிழமை டை திரும்பி வந்தது.
பையில் கூடவே ஒரு சின்ன உருண்டை.
"அன்னைக்கு சன்னல் பக்கத்து நாற்காலிக்கு அடியில கிடந்தது.
ஏதோ கல்லுன்னு கோட்டுப் பையில போட்டுக்கிட்டேன்.
அவங்க கேள்வி கேட்டு முடிக்கிற வரைக்கும்
விரலுக்குள்ள உருட்டிக்கிட்டே இருந்தேன்."

கல் இல்லை என்றேன்.
என்னவென்று சொன்னதும்
உள்ளங்கையைச் சட்டென்று விரித்து
மேசைமேல் மெதுவாக வைத்தார்,
யாருக்கோ வலிக்கும் என்பது போல.

வட்டியில்லாமல், பத்திரமில்லாமல்
தெரிந்தவர்கள் கொடுத்து வாங்குவதைக்
கைமாற்று என்பார்கள்.
இங்கே எல்லாவற்றுக்கும் சீட்டு உண்டு.
இது மட்டும்
எந்தச் சீட்டிலும் இல்லாமல்
ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப்
போய் வந்திருக்கிறது.

வேலை கிடைத்ததா என்று கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.
அச்சு இயந்திரத்தில் காகிதம் சிக்கியிருப்பதாக
யாரோ கூப்பிட்டார்கள், போனேன்.

திரும்பி வந்து எண்ணினேன், இருபத்தேழு.
டையை எடுத்தேன்.
அடுத்து வருகிறவனுக்கும் தெரியாமலிருக்கலாம்.
அவிழ்க்காமல் கொக்கியில் மாட்டிவிட்டு
பதிவேட்டில் எழுதினேன்:

டை, நீலம், வாத்து, ஒன்று.
நிலை: முடிச்சோடு.